நாற்பது மூன்றுகளும் ஓரணாவும்: டேட்டா டைப்களின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள். இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கிறாள். பைத்தான் வகுப்பில், ஆன்லைன் கடை மாதிரி ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். சரக்கின் பெயர், எத்தனை வேண்டும், விலை எவ்வளவு, கையிருப்பில் இருக்கிறதா என்று நாலு விவரம் வாங்கி பில் போட வேண்டும். அவ்வளவுதான்.

"மாமா, சோப்பு விலை 40. மூணு சோப்புன்னு டைப் பண்ணினேன். 120 வரணும்ல? ஸ்க்ரீன் முழுக்க 3, 3, 3னு வருது. எண்ணிப் பார்த்தேன், சரியா நாற்பது 3 இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீபோர்டில் தட்டுவது எதுவாக இருந்தாலும் பைத்தான் அதை எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். அவள் தட்டிய 3 எண் அல்ல, '3' என்ற எழுத்து. எழுத்தை 40ஆல் பெருக்கினால், "இந்த எழுத்தை நாற்பது தடவை எழுது" என்று பைத்தான் புரிந்துகொள்ளும். அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

இன்டிஜராக மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். 120 வந்தது. பிறகு அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: "எதுக்கு மாமா இத்தனை டைப்? எண்ணுன்னா எண்ணு, எழுத்துன்னா எழுத்து. இன்டிஜர், ஃபுளோட், ஸ்ட்ரிங், பூலியன்னு யாரு இதையெல்லாம் பிரிச்சது?"

பாடப்புத்தகத்தில் இது ஒரு பக்க அட்டவணை. ஆனால் அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு வரியில் என் சொந்தத் தப்பும் இருக்கிறது. அவளுடைய ப்ரோகிராமின் வரிசையிலேயே போவோம்.

சரக்கின் பெயர்

முதல் வேரியபிள் பெயர், அதாவது ஸ்ட்ரிங். இன்று இதுதான் சுலபம் என்று நினைக்கிறோம். ஆரம்பகாலக் கணினிகளுக்கு எழுத்து என்பது விருந்தாளி மாதிரி. அவை எண்களைக் கணக்கிடப் பிறந்தவை.

ஜான் பேக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான், 1957இல் ஐ.பி.எம். 704 கணினிக்காக வெளிவந்தது. அதில் எழுத்துக்கென்று தனி டைப் கிடையாது. தலைப்பு ஏதாவது அச்சிட வேண்டுமென்றால், எத்தனை எழுத்து என்று எண்ணி, அந்த எண்ணுக்குப் பின்னால் ஹெச் என்ற எழுத்தைப் போட்டு, அதன் பின் வாசகத்தை எழுத வேண்டும். அந்த ஹெச், ஹெர்மன் ஹாலரித்தின் நினைவாக. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டை எந்திரம் செய்து கொடுத்தவர் அவர். ஓர் எழுத்தைத் தப்பாக எண்ணினால் ப்ரோகிராமே கெட்டுவிடும். ஃபோர்ட்ரானுக்கு முறையான எழுத்து டைப் வந்தது 'ஃபோர்ட்ரான் 77'இல்தான். இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

1963இல் ஆஸ்கி தரம் வந்தது. ஏழு பிட், 128 இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம், நமக்கு அதில் ஓரிடம்கூட இல்லை. அதனால்தான் தொண்ணூறுகளில் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் அல்லாடினார்கள். ஒரு ஃபான்ட்டில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கொக்கிகளும் கோடுகளும்தான் தெரியும். திஸ்கி ஒரு பக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் தரங்கள் இன்னொரு பக்கம். 1991இல் முதல் பதிப்பு கண்ட யூனிகோட்தான் கடைசியில் நிலைத்தது. அதில் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இது பழங்கதை இல்லை. மருமகளிடம் "சரக்கின் பெயரைத் தமிழில் கொடு, 'புளி'ன்னு. அதோட நீளம் எத்தனைன்னு கேளு" என்றேன். 4 என்று வந்தது. "ரெண்டு எழுத்துதானே மாமா?" ப, உகரக் குறி, ள, இகரக் குறி என்று யூனிகோட் நாலாக எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8இல் சேமித்தால் 12 பைட். பெயருக்குப் பத்து பைட் போதும் என்று ஒதுக்கி வைத்த இடத்தில் நம்ம ஊர்ப் புளி நுழையாது. 'எழுத்து' என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வியை டேட்டா டைப் நமக்காக ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. தெரியாமல் கையெழுத்துப் போடுவது நாம்தான்.

எத்தனை வேண்டும்

இரண்டாவது, எண்ணிக்கை. இன்டிஜர். ஃபோர்ட்ரானில் இதற்கு ஒரு வேடிக்கையான விதி இருந்தது. வேரியபிளின் பெயர் ஆங்கிலத்தில் ஐ முதல் என் வரையுள்ள ஆறு எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் அது முழு எண். வேறு எழுத்தில் தொடங்கினால் பின்னம் தாங்கும் எண். கணிதத்தில் ஐ, ஜே, கே, என் எல்லாவற்றையும் எண்ணிக்கைக்குப் பயன்படுத்துவது வழக்கம், அதிலிருந்து வந்தது. இன்றைக்கும் லூப் எழுதும்போது கை தானாக ஐ என்று போடுகிறதே, அதற்கும் இந்த வழக்கத்துக்கும் உறவு உண்டு.

டைப்பே இல்லாத மொழியும் இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் உருவாக்கிய 'பி' மொழியில் எல்லாமே ஒரே வகை, ஒரு கணினிச் சொல் அளவுள்ள பிட்கள். மருமகள் கேட்டது போல "எதுக்கு இத்தனை?" என்று அவர்களும் விட்டிருந்தார்கள். ஆனால் பி.டி.பி.-11 என்ற புதுக் கணினி வந்தது. அது பைட் பைட்டாக முகவரி கொடுக்கும் எந்திரம். ஓர் எழுத்து ஒரு பைட், ஓர் எண் இரண்டு பைட். எது எது என்று மொழிக்குத் தெரிந்தாக வேண்டிய கட்டாயம். அப்படித்தான் டென்னிஸ் ரிச்சி அதை வளர்த்து, 1972 வாக்கில் 'சி' மொழியாக்கினார். டைப் என்பது அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்த தத்துவம் மட்டும் இல்லை, எந்திரத்தின் வயிற்றளவும்தான்.

வயிறு என்றால் ஓர் எல்லை உண்டு. 32 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் போகலாம். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது. யூடியூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியது.

பூஜ்யத்துக்குக் கீழேயும் ஒரு வில்லங்கம். அமேசான் 1995இல் திறந்த புதிதில், வாடிக்கையாளர் மைனஸ் எண்ணிக்கையில் புத்தகம் ஆர்டர் செய்ய முடிந்தது என்று ஜெஃப் பெசோஸே சொல்லியிருக்கிறார். மைனஸ் இரண்டு புத்தகம் வாங்கினால் அவர்கள் நமக்குப் பணம் தர வேண்டும்! இன்டிஜர் என்று சொன்னால் மைனஸும் அதில் அடக்கம். கடையில் 'எத்தனை' என்பது இன்டிஜரை விடக் குறுகலான ஒரு பொருள். அந்தக் குறுகலை நாம்தான் எழுத வேண்டும். மருமகளின் ப்ரோகிராமில் மைனஸ் 3 சோப்பு கொடுத்துப் பார்த்தோம். மைனஸ் 120 என்று சமர்த்தாகப் பில் போட்டது.

விலை

இப்போது என் கதை.

2003. பி.இ. முடித்து இரண்டு வருஷம். சரியான வேலை கிடைக்காமல் தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் கடைகளுக்குப் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விஷுவல் பேசிக் 6, அக்செஸ் டேட்டாபேஸ். ஒரு சூப்பர் மார்க்கெட். தினம் முப்பதாயிரம், மாதம் ஒன்பது லட்சம் விற்பனை. ஒவ்வொரு சரக்கும் பில்லில் ஏறியதும் அந்த மாதத்தின் மொத்தத்தில் அந்தத் தொகையைக் கூட்டி எழுதும். ராத்திரி, நேற்றைய மொத்தத்தைக் கழித்தால் இன்றைய விற்பனை. அது கல்லாவில் உள்ள பணத்தோடு ஒத்துப்போக வேண்டும். மொத்தத்துக்கு நான் வைத்த டைப், சிங்கிள். 32 பிட் ஃபுளோட். பின்னம் வரும், அதனால் ஃபுளோட் என்பதுதான் நான் படித்த பாடம்.

மாதக் கடைசியில் கல்லா தினமும் ஐந்து ரூபாய் போலக் குறைந்தது. கல்லாவில் இருந்த அக்காவின் சம்பளத்தில் பிடித்தார்கள். "மாசக் கடைசியில கை நீளுது" என்று முதலாளி அண்ணாச்சி சொன்னார். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்: "தம்பி, உங்க ப்ரோகிராம்ல ஏதும் தப்பு இருக்குமோ?"

"கம்ப்யூட்டர் கூட்டல்ல தப்பு பண்ணாதுங்க அண்ணாச்சி" என்றேன். அக்காவும் அங்கேதான் நின்றிருந்தார்.

மூன்றாம் மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

நடந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது 2006இல், வேறு ஊரில், வேறு வேலையில், ஃபுளோட் பற்றி ஒழுங்காகப் படித்தபோதுதான். அதைச் சொல்ல 1957க்குப் போக வேண்டும்.

1957 ஏப்ரலில் இரண்டு விஷயம் நடந்தது. ஃபோர்ட்ரான் வாடிக்கையாளர் கைக்குப் போனது. அதே ஏப்ரல் முதல் தேதி இந்தியாவில் தசம நாணயம் அமலுக்கு வந்தது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா, ஆக 64 பைசா. அதற்குப் பின் 100 நயா பைசா.

கணினி எண்ணை இரண்டின் மடங்குகளில் வைக்கிறது. பின்னத்தையும் அப்படியே: அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும். நம்ம தாத்தாக்களின் வாய்க்கணக்கு மாதிரி. ஓர் அணா என்பது ரூபாயில் வீசம், பதினாறில் ஒன்று. காலணா, அறுபத்து நாலில் ஒன்று. இரண்டையும் கணினி துல்லியமாக வைத்துக்கொள்ளும். ஆனால் பத்துப் பைசா, அதாவது பத்தில் ஒன்று, பாதி பாதியாகப் பிரித்தால் முடியவே முடியாது. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது போல. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டுவது இதனால்தான். ஒரு ரூபாய்க்குள் வரும் நூறு பைசா அளவுகளில் 25, 50, 75 மூன்றும்தான் பைனரியில் முழுசாக நிற்கும் பின்னங்கள்.

32 பிட் ஃபுளோட்டில் எண்ணுக்கு 24 பிட் துல்லியம்தான். முழு எண் பகுதி பெரிதாகப் பெரிதாகப் பின்னத்துக்கு இடம் குறையும். மொத்தம் 1,31,072 ரூபாயைத் தாண்டியதும் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி சரியாகக் காலணா. 2,62,144ஐத் தாண்டினால் அரையணா. 5,24,288ஐத் தாண்டினால் ஓரணா. அதாவது, மாதம் 18ஆம் தேதி வாக்கில் என் ப்ரோகிராம் தசம நாணயத்தை மறந்துவிட்டு, 1957க்கு முந்தைய இந்தியாவுக்குப் போய், அணாவுக்குக் கீழே சில்லறை இல்லை என்று கணக்குப் பார்த்திருக்கிறது.

அந்த மூன்று மாதமும் கடையில் ஒரு சலுகை ஓடியது. 14 ரூபாய் பாக்கெட் ஒன்று, பத்து சதவீதம் தள்ளுபடியில் 12.60, ஆளுக்கு ஒன்று மட்டும். தினம் இருநூறு போகும். மற்ற சரக்கெல்லாம் பெரும்பாலும் முழு ரூபாய், ஐம்பது பைசா விலைகள். அவை அணாவில் சரியாக உட்காரும். 12.60 உட்காராது. 12 ரூபாய் 9.6 அணா, பக்கத்து முழு அணாவுக்கு நகர்ந்தால் 12 ரூபாய் 10 அணா, அதாவது 12.625. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இரண்டரைப் பைசா மொத்தத்தில் கூடுதலாக ஏறியது. இருநூறு பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய். கல்லாவுக்கு வராத பணம், ஏனென்றால் வாங்கியவர்கள் கொடுத்தது 12.60தான்.

மாத நடுவில் இடைவெளி காலணா, அரையணாவாக இருந்தபோது 12.60 கீழ்ப்பக்கம் நகர்ந்து 12.59375 ஆனது. அதனால் அப்போதெல்லாம் கல்லாவில் தினம் ஒண்ணேகால் ரூபாய் கூடுதலாக இருந்திருக்கிறது. அது கல்லாவிலேயே கிடந்தது. கூடினதை யாரும் கேட்கவில்லை. குறைந்ததற்குத்தான் சம்பளத்தில் கை வைத்தார்கள்.

அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "அதெல்லாம் பழைய கதை தம்பி, விடுங்க" என்றார். அந்த அக்கா எங்கே போனார் என்று அவருக்கும் தெரியவில்லை.

இது அறியாமல் நடக்கிற தப்பு இல்லை என்பதுதான் உறுத்தல். ஊர் உலகம் ஏற்கெனவே பார்த்ததுதான். வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு தடவை கணக்கிடும்போதும் மூன்றாவது தசமத்துக்குப் பின் உள்ளதை வெட்டிவிட்டார்கள். சந்தை நன்றாக இருந்தும் குறியீடு தேய்ந்துகொண்டே போய் 1983 நவம்பரில் சுமார் 520க்கு வந்தது. திருத்திப் போட்டபோது அது 1098 என்று தெரிந்தது.

1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கில் எண்ணி, அதை 0.1ஆல் பெருக்கியது. 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை 0.34 விநாடியாகச் சேர்ந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையை வேறு இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அதே பத்தில் ஒன்றுதான்.

ஃபுளோட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கான்ராட் ட்சூஸ் 1941இல் ஜெர்மனியில் செய்த இசட்3 எந்திரத்திலேயே ஃபுளோட் இருந்தது. விஞ்ஞானக் கணக்குக்கு அதுதான் சரி. கோள்களின் தூரமும் அணுவின் அளவும் ஒரே டைப்பில் அடங்க வேண்டுமே. ஆளுக்கு ஒரு விதமாக இருந்ததை வில்லியம் கஹன் முன்னின்று 1985இல் ஐ.இ.இ.இ. 754 என்ற ஒரே தரமாக்கினார். 1989இல் அவருக்கு ட்யூரிங் விருது கிடைத்தது. பணத்துக்குத் தனி வழியும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1959-60இல் உருவான கோபால் மொழியில், இத்தனை இலக்கம், இந்த இடத்தில் தசமப்புள்ளி என்று படம் வரைந்த மாதிரி சொல்லிவிடலாம். வியாபாரக் கணக்குக்கென்றே செய்த மொழி அது. பைத்தானில் 2004 முதல் டெசிமல் இருக்கிறது. நான் எழுதிய விஷுவல் பேசிக்கிலேயே 'கரன்சி' என்று ஒரு டைப் இருந்தது. உள்ளே முழு எண்ணாக வைத்து, நாலு தசமம் வரை பிசகாமல் காட்டும். பெயரிலேயே பணம் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இருக்கிறதா, இல்லையா

நாலாவது, பூலியன். அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் பூல், மெய், பொய் இரண்டையும் இயற்கணிதமாக்கிய நூலை 1854இல் வெளியிட்டார். 1937இல் க்ளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் மின்சார ஸ்விட்ச்களை அதே இயற்கணிதத்தால் விளக்கினார். ஆல்கால் 60 மொழியில் பூலியன் ஒரு டைப் ஆனது. சி மொழிக்கு அது 1999 தரத்தில்தான் வந்தது, பைத்தானுக்கு 2003இல். அதுவரை 1, 0 என்றே ஓட்டினார்கள்.

ஆனால் கடையில் மூன்றாவது பதில் ஒன்று உண்டு: தெரியாது. சரக்கு லாரியில் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் எண்ணவில்லை. அந்த வெற்றிடத்துக்கு நல் என்று ஒன்றை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் சேர்த்தவர் டோனி ஹோர். எளிதாகச் செய்யலாம் என்பதால் செய்துவிட்டேன், அது நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் அவரே ஒரு கூட்டத்தில் வருந்தினார். அவ்வளவு பெரிய மனிதர் மேடை ஏறி "என் தப்பு" என்று சொன்னதைப் படித்தபோது, எனக்கு அண்ணாச்சியின் கடை ஞாபகம் வந்தது.

கடைசியாக

மருமகளின் ப்ரோகிராமைத் திருத்தினோம். விலையைப் பைசாவாக மாற்றி இன்டிஜரில் வைத்தோம். அச்சிடும்போது மட்டும் நூறால் வகுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைந்தால் பில் போடாது.

"பைசாவே இப்ப புழக்கத்துல இல்லையே மாமா?" என்றாள்.

"49 ரூபாய் சரக்குக்கு அஞ்சு சதவீதம் ஜி.எஸ்.டி. எவ்வளவு?"

போனிலேயே கணக்குப் போட்டாள். "ரெண்டு ரூபாய் நாப்பத்தஞ்சு பைசா."

நாணயம் போய்விட்டது, கணக்கில் பைசா இருக்கிறது. அதைக் கூட்டும் ப்ரோகிராமும் இருக்கிறது. அதன் பதிலை நம்பி யாராவது ஒருவரின் சம்பளத்தைப் பிடிக்கும் முதலாளியும் எங்காவது இருப்பார். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். என்றைக்காவது யாராவது வந்து, "உங்க ப்ரோகிராம்ல தப்பு இருக்குமோ?" என்று கேட்டால், "இருக்கலாம், பார்க்கிறேன்" என்று சொல். பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

நான் அன்றைக்குப் பார்த்திருந்தால் ஒரு மணி நேர வேலை.